மூடி போட்ட விளக்குக்கு இது வேண்டாம்: ஒரு 9 வாட் ஸ்மார்ட் பல்பும் அதன் சூடும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திறந்த ஹோல்டரில் மாட்டினால், போன் ஆப்பால் இயக்கும் இந்த வைஃபை ஸ்மார்ட் பல்பு நல்ல பல்பு. கண்ணாடி மூடி போட்ட விளக்குக்குள் மாட்டினால் வெளிச்சம் குறைகிறது, ஆப்பில் அடிக்கடி காணாமல் போகிறது, ஆயுளும் பாதிக்குக் கீழே போய்விடும். ஒரே பெட்டியில் வந்த பல்புகள்தான், ஒரே வாட்தான். சூடு வெளியேற வழி இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே வித்தியாசம்.

மற்ற விஷயங்களைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஈ27 திருகு அடி, 9 வாட், 806 லூமென். அதாவது பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம். வெள்ளை ஒளியை 2,700 கெல்வினிலிருந்து (மஞ்சள் கலந்த வெள்ளை) 6,500 கெல்வின் (நீலம் கலந்த வெள்ளை) வரை மாற்றலாம், வண்ணங்களும் உண்டு. ஆப் குழப்பாமல் இருக்கிறது. நேரம் குறித்து வைத்தால் சரியாக எரிகிறது, சரியாக அணைகிறது. அப்பாவின் அறையில் இரவு முழுக்கப் பத்து சதவீத வெளிச்சத்தில் விட்டிருக்கிறேன். நடுராத்திரியில் எழுந்து நடக்கும் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது வீட்டில் வயதானவர்கள் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இனி சூட்டுக்கு வருவோம். "எல்இடி சூடே ஆகாது என்றார்களே, இது ஏன் இப்படிச் சுடுகிறது?" என்பதுதான் இதை முதல்முறை தொடுகிறவர்கள் எல்லோரும் கேட்பது. மேலே இருக்கும் வெள்ளைக் குமிழைத் தொட்டால் வெதுவெதுப்புதான். அதற்குக் கீழே கழுத்தைத் தொட்டால் கையை எடுத்துவிடுவீர்கள். இது கோளாறு இல்லை. குண்டு பல்பு தான் எடுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கை வெப்பமாக்கியது. ஆனால் அதில் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகக் கண்ணாடி வழியே வெளியே போய்விடும். உள்ளே இருக்கும் இழை 2,500 டிகிரிக்குப் பக்கத்தில் காய்ந்தாலும் அதற்குக் கவலை இல்லை, அதன் வேலையே காய்வதுதான். எல்இடி பல்பில் ஒளி தரும் சின்னஞ்சிறு சில்லுக்கு அந்த வசதி கிடையாது. அதன் 9 வாட்டில் பாதிக்கு மேல் வெப்பமாகத்தான் போகிறது என்றாலும், அது கதிராக வெளியேறாது. சில்லிலிருந்து அலுமினியத் தகட்டுக்கு, தகட்டிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து காற்றுக்கு என்று கைமாறிக் கைமாறித்தான் வெளியே வர வேண்டும். ஆகவே கழுத்து சுடுகிறது என்றால் வெப்பம் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். முழு வெளிச்சத்தில் நெடுநேரம் எரிந்தும் கழுத்து சில்லென்று இருக்கிற மலிவு பல்பைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்; வெப்பம் உள்ளேயே தங்கிவிடுகிறதோ என்று.

எவ்வளவு சூடு என்பதைக் கையால் தொட்டுச் சொல்வதில் பயனில்லை. மல்டிமீட்டரோடு வரும், வெப்பநிலையை அளக்கும் தெர்மோகப்பிள் கம்பியைக் கழுத்தின் பிளாஸ்டிக் பகுதியில், உலோக அடியைத் தொடாமல், வெப்பம் தாங்கும் நாடாவால் ஒட்டி அளந்தேன். துப்பாக்கி மாதிரி நீட்டிப் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானியை இதற்கு நம்ப வேண்டாம். பளபளப்பான உலோகத்தில் அது குறைத்துக் காட்டும். மூடிய விளக்கிலோ, கண்ணாடியின் சூட்டைத்தான் காட்டுமே தவிர உள்ளே இருக்கும் பல்பை அது பார்ப்பதே இல்லை.

அறை வெப்பநிலை 28 டிகிரி. திறந்த மேசை விளக்கில், அடி கீழே, குமிழ் மேலே இருக்கும்படி முழு வெள்ளையில் எரிந்தபோது கழுத்து 61 டிகிரியில் போய் நின்றது. அதே பல்பைக் கூரையிலிருந்து தலைகீழாகத் தொங்கவிட்டால் 66. சூடான காற்று மேலே ஏறும், தலைகீழாக இருக்கும்போது அந்த மேல்பக்கத்தில்தான் பல்பின் மின்சுற்று உட்கார்ந்திருக்கிறது. நடைவழியில் உள்ள, கண்ணாடிக் கிண்ணத்தால் முழுக்க மூடிய கூரை விளக்கில் மாட்டியபோது 84 டிகிரியைத் தாண்டியது. அதோடு நிற்காமல் பல்பு தானாகவே மங்கியது. இப்படி மங்குவது பல்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் வேலை: உள்ளே சூடு ஏறினால் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும்படி சுற்றை அமைத்திருக்கிறார்கள். தயாரித்தவர்களை இதற்காகப் பாராட்டத்தான் வேண்டும், இது இல்லாத பல்புகள் கருகும் வரை எரிந்துகொண்டே இருக்கும்.

ஆனால் ஸ்மார்ட் பல்புக்கு இன்னொரு சுமை இருக்கிறது. சாதாரண எல்இடி பல்பின் கழுத்துக்குள் மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவர் மட்டும் இருக்கும். இதில் அந்த இடுக்கிலேயே வைஃபை மாட்யூலும் இருக்கிறது. இப்படிப்பட்ட மாட்யூல்களில் பலவற்றுக்கு 85 டிகிரிதான் எல்லை. கழுத்தின் வெளிப்பக்கமே 84 என்றால் உள்ளே நிச்சயம் அதைவிட அதிகம். நடைவழி விளக்கு மட்டும் ராத்திரி நேரத்தில் ஆப்பில் 'ஆஃப்லைன்' என்று காட்டியதற்கு இதைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை. ரூட்டர் அதே இடத்தில்தான் இருந்தது. மூடியைக் கழற்றியதும் தொடர்பு அறுபடுவது நின்றுவிட்டது.

ஆயுள் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மனவருத்தம் இதில்தான். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எல்இடி சில்லின் ஆயுளை எப்படிக் கணிக்கிறார்கள் என்று பார்த்தால், எல்எம்-80 என்ற முறைப்படி குறைந்தது 6,000 மணி நேரம் எரியவிட்டு அளக்கிறார்கள், பிறகு டிஎம்-21 என்ற கணக்கு முறையில் அதிகபட்சம் ஆறு மடங்கு வரை நீட்டிச் சொல்லலாம். அது சில்லின் கதை. டிரைவருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சில்லு அவ்வளவு சீக்கிரம் சாவதில்லை, டிரைவரில் மின்சாரத்தைத் தேக்கி ஏற்ற இறக்கத்தைச் சீராக்கும் எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்தான் முதலில் போகிறது. வேறொரு பழைய பல்பு செத்தபோது பிரித்துப் பார்த்தேன். சில்லுகள் அத்தனையும் நன்றாக இருந்தன, கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தது.

இந்தக் கெபாசிட்டருக்கு ஒரு கணக்கு உண்டு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும், 10 டிகிரி இறங்கினால் இரண்டு மடங்காகும். 105 டிகிரியில் 5,000 மணி நேரம் தாங்கும் கெபாசிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 95 டிகிரியில் அது 10,000 மணி நேரம், 85-ல் 20,000, 75-ல் 40,000. திறந்த விளக்கில் உள்சூடு 75-ஐ ஒட்டி இருக்கும் என்றால் பெட்டியில் போட்ட 25,000 நம்பக்கூடியது. மூடிய கிண்ணத்துக்குள் 95-ஐத் தொட்டால் அதே கெபாசிட்டருக்குக் கால் பங்கு ஆயுள்தான். 'முழுவதும் மூடிய விளக்குகளில் பயன்படுத்தக் கூடாது' என்ற வரி இருக்கத்தான் இருக்கிறது. பெட்டியின் அடிப்பக்கத்தில், பொடி எழுத்தில். 25,000 என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில் அது இருந்திருக்க வேண்டும். வீட்டுக் கூரை விளக்குகள் ஏராளமானவை மூடியோடுதான் இருக்கின்றன, வாங்குகிறவர் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

வெளிச்சத்தைக் குறைத்தால் சூடும் நன்றாகவே குறைகிறது. ஐம்பது சதவீதத்தில் கழுத்து 45 டிகிரிதான். தனி வண்ணங்களில் இன்னும் குறைவு, வண்ணச் சில்லுகள் எடுக்கும் மின்சாரம் வெள்ளையை விடக் கம்மி. என் மகள் மாலையில் ஊதா நிறத்தில் போட்டுவிட்டுப் படிக்கிறாள், அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஒன்று மட்டும் கவனித்தேன்: நெடுநேரம் முழு வெள்ளையில் எரிந்து சூடான பல்பை உடனே ஆரஞ்சுக்கு மாற்றினால் நிறம் கொஞ்சம் வெளுத்துத் தெரிகிறது. சிவப்புச் சில்லு சூட்டில் மற்ற நிறங்களைவிட அதிகமாக ஒளி இழக்கும். ஆறியதும் சரியாகிவிடுகிறது. ஆப்பில் அணைத்தாலும் வைஃபைக்காக அரை வாட்டுக்கும் குறைவாக மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் கழுத்தில் லேசான வெதுவெதுப்பு இருந்தால் பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. சுவரில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் இருந்தால் அந்த இணைப்பில் இந்தப் பல்பை மாட்டவே கூடாது, மங்க வைக்கும் சுற்று பல்புக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் பல்பு ரீங்காரமிடும், மினுக்கும், டிரைவர் அளவுக்கு மீறிச் சூடாகும். ஹோல்டர் தளர்வாக இருந்தாலும் தொடர்பு சரியில்லாத அந்த முனையிலேயே சூடு ஏறும்; பல்பைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும்போது ஹோல்டர் கருகியிருக்கும். கழுத்து பழுப்பேறியிருந்தால், கருகல் வாடை வந்தால், ஆப்பை எடுக்காதீர்கள். சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஆறிய பிறகு கழற்றித் தூக்கிப் போடுங்கள்.

திறந்த விளக்குக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். மேசை விளக்குக்கும் அப்பாவின் அறைக்கும் மறுபடியும் இதையே வாங்குவேன். நடைவழிக்கு வாங்க மாட்டேன். அங்கே மூடிய விளக்குக்கு ஏற்றது என்று தெளிவாகப் போட்ட சாதாரண எல்இடி பல்பை மாட்டி, சுவரில் ஸ்மார்ட் ஸ்விட்ச் வைத்திருக்கிறேன். வைஃபை சுவர்ப் பெட்டிக்குள், பல்பின் சூடு எட்டாத இடத்தில் இருக்கிறது. வண்ணம் மாறாது, வெளிச்சத்தைக் குறைக்க முடியாது. நடைவழிக்கு அது போதும்.