வயெசீட்டோ தபால் வண்டி நிலையம்: ஓக்கோட்டீயோ பக்கமாக வாருங்கள்

கலிபோர்னியாவின் சான் டியேகோவில் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது, பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வயெசீட்டோ போய் வந்தோம். கவுண்டி (மாவட்ட நிர்வாகம்) நடத்தும் பூங்கா அது. பாலைவன ஓரத்தில், 1850களின் தபால் வண்டி நிலையம் ஒன்று அதற்குள் நிற்கிறது. பஸ் டிப்போவில் முப்பது வருடம் டைம்கீப்பராக இருந்தவன் நான். அந்த வாசலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்.

போகிறவர்கள் ஜூலியன் என்ற மலையூர் வழியாக மலையிறங்கி வர வேண்டாம். 8-ஆம் நெடுஞ்சாலையில் ஓக்கோட்டீயோ என்ற ஊர் வரை போய், எஸ்-2 சாலையில் வடமேற்காகத் திரும்புங்கள். கிழக்கிலிருந்து தபால் வண்டிகள் வந்த பக்கம் அதுதான். வழியெல்லாம் சரளை, முள், காய்ந்த ஓடை. அரை மணி நேரம் அப்படியே போன பிறகு ஒரு புல்வெளியும் மெஸ்கீட் மரங்களும் (நம் சீமைக் கருவேலத்தின் பங்காளி) கண்ணில் படும். நிலையத்தை ஏன் அங்கே வைத்தார்கள் என்று பேரன் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. தண்ணீர் இருந்தது, மாட்டுக்கும் கழுதைக்கும் புல் இருந்தது. இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான குமியாய் மக்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊற்றை நம்பி வாழ்ந்தவர்கள்.

வீடு கட்டப்பட்டது 1852-இல். பக்கத்துச் சதுப்பிலிருந்து புல் வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகள்தான் சுவர். மூல வீடு இடிந்துபோய், 1934-இல் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். பழையது இல்லையே என்று மகளுக்கு வருத்தம். எனக்கு இல்லை. அழகு கூட்டாமல், மண் வீட்டை மண் வீடாகவே விட்டிருக்கிறார்கள். வெளியே வெயில் ஏறிய பிறகும் உள்ளே குளுமை.

1857-இல் டெக்சஸின் சான் அன்டோனியோ – சான் டியேகோ தபால் இந்த வழியாக ஓடத் தொடங்கியது. கோவேறு கழுதைகளை நம்பி ஓடியதால் அதைக் 'கழுதைத் தபால்' என்றே அழைத்தார்கள். அடுத்த வருடம், அரசின் தபால் ஒப்பந்தம் பெற்ற ஜான் பட்டர்ஃபீல்டின் வண்டிகள் வந்தன. செயின்ட் லூயிஸ் தொடங்கி சான் பிரான்சிஸ்கோ வரை ஏறக்குறைய 2,800 மைல். ஒப்பந்தப்படி 25 நாளில் போய்ச் சேர வேண்டும். வாரத்துக்கு இரண்டு வண்டி. இரவிலும் ஓட்டம் நிற்காது. முதல் பயணத்தில் ஏறிய செய்தியாளர் வாட்டர்மன் ஆர்ம்ஸ்பி, 1858 செப்டம்பர் 16-இல் கிளம்பி அக்டோபர் 10-இல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார். கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே! தார்ச்சாலை இருந்தும் பதினைந்து நிமிடம் தாமதம் என்று நான் எழுதிய நாட்கள் எத்தனையோ. அந்த ஓட்டுநர்களுக்கு மனதார ஒரு வணக்கம் வைத்தேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் நெருங்கிய நேரத்தில், 1861 மார்ச்சில் இந்தத் தென்வழித் தபால் நின்றுபோனது.

கூடாரம் அடித்துத் தங்க இடம் உண்டு. கோடை மாதங்களில் மூடிவிடுகிறார்கள், அது சரியான முடிவுதான். பெட்ரோலையும் குடிதண்ணீரையும் கிளம்பும்போதே நிரப்பிக்கொள்ளுங்கள். போன் சிக்னலை நம்ப வேண்டாம்.

அப்புறம், அங்கிருந்தே திரும்பிவிடாதீர்கள். அதே சாலையில் இன்னும் கொஞ்சம் வடமேற்காகப் போனால் பாக்ஸ் கேன்யன். 1847 ஜனவரி 19-இல் மார்மன் படைப்பிரிவினர் (மார்மன் மதத்தவர்களைக் கொண்ட அமெரிக்க ராணுவப் பிரிவு) கோடரி போன்ற கைக்கருவிகளால் பாறையைச் செதுக்கி வண்டிப்பாதை திறந்த இடம். வண்டியின் அகலத்தைவிட இடுக்கு குறுகலாக இருந்ததாம். முட்டி வலி என்பதால் நான் மேலேயே நின்றுவிட்டேன். பேரன் கீழே இறங்கி, பாறை நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்று, "தாத்தா, இதுக்குள்ளயா வண்டி வந்துச்சு?" என்று கத்தினான்.