பெங்களூரில் பெற்றோருக்குப் பராமரிப்பு இல்லம் தேடுகிறவர்கள் டெபாசிட் கட்டும் முன் படிக்கவும்

நாங்கள் 1,50,000 ரூபாய் டெபாசிட்டும் மாதம் 58,000 ரூபாயும் கட்டிச் சேர்த்த இடத்தில், 36 நாளில் என் அம்மாவுக்கு உள்ளங்கையில் பாதி அகலத்துக்குப் படுக்கைப் புண் வந்தது. இன்னொரு குடும்பம் இப்படி ஏமாறக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது, அல்சூரில் பிறந்து வளர்ந்தவர். போன வருஷம் ஆகஸ்டில் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. டிஸ்சார்ஜ் செய்யும்போது டாக்டர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: சும்மா படுக்க விடாதீர்கள், வாக்கரைப் பிடித்துத் தினமும் நடக்க வையுங்கள். எங்கள் வீடு ஜீவன் பீமா நகரில் லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி, நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள், தம்பி கோயம்புத்தூரில். மூன்று மாதம் மட்டும் நல்ல இடமாகப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம்.

மூன்று இடம் பார்த்தோம். ஒயிட்ஃபீல்டு பக்கம் இருந்தது தூரம், விட்டுவிட்டோம். பாணசவாடியில் ஒன்று, பழைய வீட்டை மாற்றி நடத்துகிறார்கள், சுவரில் பெயிண்ட் உரிந்திருந்தது. அங்கே பொறுப்பில் இருந்த அம்மா எங்களுக்கு எதையும் காட்டுவதற்கு முன் எங்களையே கேள்வி கேட்டார்: ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார், எந்த மொழியில் பேசுவார், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பாரா, நாமாகத் தர வேண்டுமா என்று. ஒரு அறையில் துணி மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், இப்போது உள்ளே போகக் கூடாது என்று கதவருகிலேயே நிறுத்திவிட்டார். எனக்கு அது முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. மூன்றாவது ஹென்னூர் ரோடு பக்கம். பளிங்குத் தரை, வாசலில் பிள்ளையார், மீன் தொட்டி, கூகுளில் 4.8 ஸ்டார், போனதும் ஃபில்டர் காபி. மேனேஜர் "மேடம், உங்க அம்மா எங்க அம்மா மாதிரி" என்றார். அன்றே டெபாசிட் கட்டிவிட்டோம். பதினான்கு பக்க ஒப்பந்தத்தை நான் படிக்கவே இல்லை, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன்.

பார்க்க வருவதென்றால் காலை 11 முதல் 1 மணி வரை, அதுவும் முந்தின நாளே போன் செய்துவிட்டு வர வேண்டும் என்பது விதி. தொற்று வராமல் இருக்க என்றார்கள், நம்பினோம். நாங்கள் போகும் நேரத்தில் அம்மா எப்போதும் தலை சீவி, பவுடர் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆனால் வாரத்துக்கு வாரம் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. "கண்ணு, வீட்டுக்குப் போலாமா" என்று மட்டும் கேட்பார். வயசானால் அப்படித்தான், புது இடம், பழகிவிடும் என்றார்கள். அதையும் நம்பினோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராமமூர்த்தி நகரில் உறவுக்காரர் வீட்டுக் கிரகப்பிரவேசம். திரும்பும் வழியில் சொல்லாமல் கொள்ளாமல் 4.30 மணிக்கு உள்ளே போனேன். செக்யூரிட்டி தடுத்தார், பிரசாதம் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று மேலே ஏறிவிட்டேன். மாடி முழுவதும் மூத்திர வாடை. அம்மா மல்லாந்து படுத்திருந்தார், உதடு வெடித்திருந்தது. தண்ணீர் பாட்டில் ஜன்னல் மேடையில், அவர் கை எட்டாத தூரத்தில் இருந்தது. இடுப்பைப் பிடித்துத் திருப்பினேன். டயப்பர் ஊறிப்போயிருந்தது. முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டரைச் சுற்றித் தோல் கறுத்துக் கிடந்தது.

கட்டில் காலில் ஒரு அட்டை தொங்கியது. படுத்தே இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போட வேண்டும், போட்டதும் நேரத்துக்கு நேராகக் கையெழுத்திட வேண்டும், அதற்கான அட்டை. மணி அப்போது 4.40. அட்டையில் சாயங்காலம் 6 மணி, ராத்திரி 8 மணி, 10 மணிக் கட்டங்களில் ஏற்கனவே கையெழுத்து இருந்தது, மூன்றும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். போட்டோ எடுத்துக்கொண்டேன். வேறு யார் கட்டிலைப் பார்த்தாலும் அதே கதைதான்.

அந்த மாடியில் 14 பேருக்கு ஒரே ஒரு பெண். ஒடிசாவிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறதாம், இருபது வயதுகூட இருக்காது. அவளுக்குத் தெரிந்தது ஒடியாவும் இந்தியும், அம்மாவுக்குத் தெரிந்தது தமிழும் கன்னடமும். "தண்ணி" என்று அம்மா கேட்டது அவளுக்குப் புரியவே இல்லை. ராத்திரியிலும் தனியாகத்தான் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நர்ஸ் வருவதில்லை என்று அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒருத்தியால் 14 பேரை எப்படித் தூக்கி நடத்த முடியும்? டயப்பரைப் போட்டுவிட்டால் பாத்ரூமுக்கு எழுப்ப வேண்டிய வேலை இல்லை. நடக்க வைக்கவே அனுப்பிய அம்மா படுத்த படுக்கையானது இப்படித்தான்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூன்றாம் நிலைப் புண், தோலைத் தாண்டி உள்ளே போய்விட்டது என்றார்கள். செத்த சதையை வெட்டி எடுத்தார்கள். இதை எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள்: பிட்டத்துக்கு மேலே, குதிகாலில், இடுப்புப் பக்க எலும்பில் தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். வெளுத்துத் திரும்பச் சிவந்தால் பரவாயில்லை, வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் புண் ஆரம்பித்துவிட்டது. நம்மைப் போல மாநிறம், கறுப்பாக இருப்பவர்களுக்குச் சிவப்பு சரியாகத் தெரியாது, அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பார்க்கப் போகும் ஒவ்வொரு முறையும் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

அப்புறம் பணம். பிசியோதெரபி 26 முறை, முறைக்கு 600 என்று பில். வாசலில் இருக்கும் வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி எண்ணினேன், பிசியோதெரபிஸ்ட் கையெழுத்து 9தான் இருந்தது. நான் வாங்கிக் கொடுத்த டயப்பருக்கும் சேர்த்துக் கணக்கு. முன்னறிவிப்பு தரவில்லை என்று ஒரு மாதக் கட்டணம் 58,000 பிடித்துக்கொண்டார்கள், அது நான் படிக்காமல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருந்ததாம். அவர்கள் உண்டாக்கிய புண்ணுக்குக் கட்டுப் போட்டதற்கு 12,000. டெபாசிட்டில் திரும்ப வந்தது 80,000.

நியூஜெர்சியில் இருக்கும் அக்காவிடம் சொன்னபோது அவள் முதலில் கேட்டதே "ராத்திரி எத்தனை பேர் இருப்பாங்கன்னு கேட்டியா" என்றுதான். அங்கே நர்சிங் ஹோம் என்றால் நம்மூர் மாதிரி சின்ன ஆஸ்பத்திரி இல்லை, இந்த மாதிரிப் பராமரிப்பு இல்லம். மெடிகேர், மெடிகெய்ட் என்ற அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களின் பணம் வாங்கும் இல்லங்களுக்கு 2008 டிசம்பரிலிருந்து அரசாங்கமே ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் கொடுத்து வெளியிடுகிறது. திடீர்ச் சோதனையில் கண்ட குறைகள், எத்தனை ஊழியர்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் என்பதெல்லாம் அதில் வருகிறது. ஊழியர் எண்ணிக்கையை முன்பு இல்லங்களே எழுதிக் கொடுத்தன, 2018 முதல் சம்பளப் பதிவேட்டிலிருந்து எடுக்கிறார்கள். 2022 முதல் சனி, ஞாயிறு எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்பதையும் தனியாகப் போடுகிறார்கள். நாங்கள் நம்பிய 4.8 ஸ்டாரோ பகல் 11 மணிக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனவர்கள் போட்டது.

அதனால் நீங்கள் போனால் ஞாயிறு சாயங்காலம் போங்கள், இல்லையென்றால் இரவு 8 மணிக்கு. உள்ளே விடமாட்டேன் என்றால் அங்கேயே முடிவு செய்துவிடலாம். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆள், அதில் படித்த நர்ஸ் உண்டா, இன்றைக்கு இங்கே படுக்கைப் புண்ணோடு எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்கள் இங்கே வந்த பிறகு வந்ததா என்று நேராகக் கேளுங்கள். அந்த அட்டையைப் பாருங்கள். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். மாதக் கட்டணத்தில் எது சேரும், எது சேராது, பாதியில் கூட்டிப்போனால் டெபாசிட் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்கள் மூத்த குடிமக்கள் உதவி எண் 14567ஐ அழைக்கலாம், காலை 8 முதல் இரவு 8 வரை எடுப்பார்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். நாங்கள் அட்டை போட்டோ, பதிவேட்டுப் பக்கம், பில் எல்லாவற்றையும் வைத்துப் போட்டிருக்கிறோம், விசாரணை நடக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை எங்கே கொண்டுபோனோம் தெரியுமா, பெயிண்ட் உரிந்த அந்தப் பாணசவாடி வீட்டுக்கு. அந்த அம்மா பழையதை எதுவும் கேட்கவில்லை, புண்ணைப் பார்த்துவிட்டு ஏர் பெட் வரவழைத்தார். இரண்டாம் வாரத்திலேயே வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தார்கள். முதல் ஞாயிறு, வேண்டுமென்றே 4.30 மணிக்குப் போனேன், கதவைத் திறந்துவிட்டார்கள். நேராகக் கட்டிலுக்குப் போய் அட்டையைப் பார்த்தேன். 2 மணிக்கு ஒரு கையெழுத்து, 4.10க்கு இன்னொன்று, அதற்குக் கீழே எல்லாக் கட்டமும் காலியாக இருந்தது.