வேலையை விட்டுவிட்டுப் படிப்பதா, வேலையில் இருந்துகொண்டே படிப்பதா?

தனியார் வேலை கசந்துபோய் தமிழக அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வின் பக்கம் திரும்புகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்வது இந்தக் கேள்வியில்தான்.

வேலையை விட்டால் நாள் முழுவதும் நம் கையில். காலையில் நூலகம், மதியம் மாதிரித் தேர்வு என்று ஓட்டலாம். ஆனால் சம்பளம் நின்ற சில மாதங்களிலேயே அறை வாடகையும், "என்னப்பா, ரிசல்ட் எப்போ?" என்ற சித்தப்பாவின் கேள்வியும் சேர்ந்து படிப்பைத் தின்னும். தேர்வு முடிந்தாலும் சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு என்று மாதங்கள் ஓடும்.

வேலையில் இருந்தபடி படிப்பது மெதுவாகத்தான் நகரும். ஆனாலும் இந்தத் தேர்வுக்கு அது ஒத்துவரும். 200 கேள்விகளில் 100 தமிழ். பள்ளித் தமிழ்ப் புத்தகங்களைப் பேருந்தில்கூடப் புரட்டலாம். கணக்கு, திறனறிவில் 25 கேள்விகள்தான். அதற்கு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அப்புறம், 5 ஆண்டு சர்வீஸ் முடியச் சில மாதங்களே இருந்தால், அதை முடித்தால் கிடைக்கும் பணிக்கொடையை (கிராஜுவிட்டி) யோசித்துவிட்டு ராஜினாமா எழுதுங்கள்.

உடம்பையோ மனதையோ கெடுக்கிற வேலை என்றால் கணக்கே வேறு. ஆறு மாதச் செலவுக்குப் பணம் ஒதுக்கிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். மற்றவர்கள் வேலையை விட வேண்டாம். லீவைச் சேர்த்துவைத்து, தேர்வுக்கு முந்தைய வாரங்களில் மொத்தமாக எடுங்கள்.