மூன்று நாளா, பதினெட்டு வருஷமா: ஸ்டோன்ஸின் இரண்டு ஆல்பங்கள்

பிரிட்டிஷ் ராக் குழு ரோலிங் ஸ்டோன்ஸின் ரசிகர்கள் இரண்டு பேரை உட்கார வைத்து, ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ எப்படி என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் பேச்சு ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ பக்கம் போயிருக்கும். 2023 அக்டோபரில் வந்த ஆல்பத்தை எடைபோட, 2016 டிசம்பரில் வந்ததைத்தான் பலரும் எடைக்கல்லாக வைக்கிறார்கள்.

நியாயப்படி இது பொருந்தாத ஒப்பீடு. முதலில் வந்ததில் பன்னிரண்டு பாட்டு, பன்னிரண்டும் அடுத்தவர் பாட்டு. லிட்டில் வால்டர், ஹௌலின் உல்ஃப், மேஜிக் சாம், ஜிம்மி ரீட் என்று அறுபதுகளில் இந்தப் பையன்கள் இசைத்தட்டு தேயத் தேயக் கேட்ட அமெரிக்க ப்ளூஸ் கலைஞர்களின் பாட்டுகள். ‘ஹாக்னி’யிலும் பன்னிரண்டுதான், ஆனால் அதில் பதினொன்று சொந்தச் சரக்கு. 2005-இல் வந்த ‘எ பிகர் பேங்’ ஆல்பத்துக்குப் பிறகு சொந்தப் பாட்டோடு ஒரு முழு ஆல்பம் வர பதினெட்டு வருஷம் ஆனது. பொருந்துகிறதோ இல்லையோ, சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

‘ப்ளூ அண்ட் லோன்சம்’ திட்டம் போட்டுச் செய்த ஆல்பமே இல்லை. 2015 டிசம்பரில் மேற்கு லண்டன் சிஸ்விக்கில், மார்க் நாஃப்ளரின் பிரிட்டிஷ் குரோவ் ஸ்டுடியோவில் புதுப் பாட்டுகளுக்காகக் கூடினார்கள். அந்த அறையின் ஒலி பிடிபட வேண்டும் என்று கிட்டார்க்காரர் கீத் ரிச்சர்ட்ஸ் ஒரு பழைய லிட்டில் வால்டர் பாட்டை எடுத்துவிட, அது நன்றாக வந்துவிட்டது. சரி, இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. மூன்றே நாளில் ஆல்பம் முடிந்தது. பக்கத்து அறையில் தன் வேலையாக வந்திருந்த எரிக் கிளாப்டனையும் கூப்பிட்டு இரண்டு பாட்டில் கிட்டார் வாசிக்க வைத்துவிட்டார்கள்.

அந்த அவசரம்தான் அதன் அழகு என்பது ஒரு கட்சி. ஹெட்போன் போட்டுக் கேட்டால் கட்சிக்காரர்கள் சொல்வது புரியும். ஒருவர் வாசிப்பது அடுத்தவர் மைக்கில் கசிகிறது. பாடகர் மிக் ஜாகர் மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்து, மூச்சு வாங்கி, அடுத்த வரியைப் பிடிப்பது வரை தெரிகிறது. ஜாகரின் மவுத் ஆர்கனை இவ்வளவு நீளத்துக்கு வேறெந்த ஸ்டோன்ஸ் ஆல்பமும் தந்ததில்லை. மேடையில் ஓடி ஆடும் ஆள் ஓர் இடத்தில் நின்று ஊதினால் எவ்வளவு நல்ல வித்வான் என்று காட்டியதற்காகவே இதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

குறை சொல்கிறவர்களும் உண்டு. எழுபது வயதுக்கு மேல் கவர் பாடல் ஆல்பமா, எழுத ஒன்றும் மிச்சமில்லையா என்று கேட்டார்கள். இந்தக் கேள்வி எனக்கு ஏறவில்லை. 1964-இல் வந்த இவர்களின் முதல் ஆல்பமே பெரும்பாலும் அடுத்தவர் பாட்டுதான். கீத் ஒரு பாட்டுகூடப் பாடவில்லை என்ற குறையை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நடுவில் வரும் கரகரப்பான கீத் பாட்டு இல்லாத ஸ்டோன்ஸ் ஆல்பம், ஊறுகாய் இல்லாத இலை மாதிரி. ‘ஹாக்னி’யில் அந்த இடத்தை ‘டெல் மீ ஸ்ட்ரெய்ட்’ நிரப்புகிறது.

‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ நேர் எதிர். லண்டன் பேச்சுவழக்கில் அந்தப் பெயருக்கு உடைந்து சிதறிய கண்ணாடிச் சில்லு என்று அர்த்தம். ஆல்பத்திலோ ஒரு கீறல் கிடையாது. தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட் அப்போது முப்பதைத் தாண்டிச் சில வருஷமே ஆனவர். எல்லாக் கருவியையும் முன்வரிசையில் நிறுத்தியிருக்கிறார். பால் மெக்கார்ட்னி, எல்டன் ஜான், ஸ்டீவி வொண்டர், லேடி காகா என்று விருந்தாளிப் பட்டியலும் கல்யாணப் பத்திரிகை போல நீள்கிறது. பழைய ரசிகர்களுக்கு இதுதான் உறுத்தல்: பளபளப்பு அதிகம், சத்தம் அதிகம், மூச்சுவிட இடமில்லை. எண்பது வயது ஜாகரின் குரல் இப்படி இருக்குமா, கம்ப்யூட்டர் கைவரிசையோ என்ற சந்தேகமும் வந்தது. 2024-இல் அமெரிக்க மேடைகளில் அவர் இதே பாட்டுகளைப் பாடியதைக் கேட்ட பிறகு அந்தச் சந்தேகத்தை நான் விட்டுவிட்டேன். சத்தம் பற்றிய புகாரை விடவில்லை. நாலு பாட்டுக்கு மேல் ஒரே மூச்சில் கேட்டால் காது களைத்துப்போகிறது.

ஆனால் குரல், சத்தம், விருந்தாளி என்று எதைப் பிடித்து வாதாடினாலும், உள்ளே இருப்பது டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ் விவகாரம் என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் 2021 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். சார்லி ஸ்நேர் என்ற முன் டிரம்மில் அடி விழும்போதெல்லாம், ஹைஹேட் என்ற ஜோடித் தட்டிலிருந்து குச்சியைத் தூக்கிவிடுவார். தாளத்தில் அந்த இடத்தில் ஒரு சின்ன வெற்றிடம் விழும். போதாததற்கு, மற்ற குழுக்களில் டிரம்ஸை எல்லோரும் பின்தொடர்வார்கள். இங்கே கீத்தின் கிட்டாரை சார்லி பின்தொடர்வார். அடி இம்மி பிந்தி விழும், பாட்டு லேசாகத் தள்ளாடும், விழாது. ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ முழுக்க அந்தத் தள்ளாட்டம் இருக்கிறது.

‘ஹாக்னி’யில் பெரும்பாலும் ஸ்டீவ் ஜோர்டன். கீத்துடன் எண்பதுகளிலிருந்து வாசிப்பவர், தனக்கு மாற்றாக சார்லியே சம்மதித்தவர். அவர் அடி நேராக, கனமாக, சொன்ன இடத்தில் விழுகிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. வேறு வண்டி, அவ்வளவுதான். சார்லி முன்பே வாசித்து வைத்த இரண்டு பாட்டுகள் இதிலும் உண்டு. அவற்றில் ‘லிவ் பை தி ஸ்வோர்ட்’ பாட்டுக்குப் பழைய கூட்டாளி பில் வைமன் வந்து பேஸ் கிட்டார் வாசித்திருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், இன்னொரு சார்லி பாட்டான ‘மெஸ் இட் அப்’ ஆல்பத்திலேயே அதிகம் டிஸ்கோ வாடை அடிப்பது. ப்ளூஸ் தவிர வேறெதையும் தொடாதவர்கள் முதலில் தாண்டிப்போவது அதைத்தான். 1978-இல் ‘மிஸ் யூ’வுக்கு டிஸ்கோ தாளம் போட்டவரும் இதே சார்லிதான் என்பதை அவர்களுக்கு யார் ஞாபகப்படுத்துவது?

விருந்தாளிகள் மேல் எனக்கும் பெரிய பிரியமில்லை, ‘ஸ்வீட் சவுண்ட்ஸ் ஆஃப் ஹெவன்’ நீங்கலாக. ஏழு நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டு. நடுவில் முடிந்துபோகிறது. கைதட்ட வேண்டியதுதான் பாக்கி என்று நினைக்கும்போது ஸ்டீவி வொண்டரின் விரல் கீபோர்டில் மறுபடி அசைகிறது, ஜாகர் மெதுவாக முனக ஆரம்பிக்கிறார், லேடி காகா எட்டிப் பிடிக்கிறார், மறுபடி மேலே போகிறது. அந்த இரண்டாம் ஆரம்பத்தில் யாரும் காகிதம் பார்த்துப் பாடவில்லை என்று காதுக்கே தெரிகிறது. அதாவது, அந்த இடத்தில் ‘ஹாக்னி’ மூன்று நாள் ஆல்பம் மாதிரி நடந்துகொள்கிறது.

பிரிட்டனில் இரண்டுமே முதலிடம் போயின. ஒன்று பாரம்பரிய ப்ளூஸுக்கும் மற்றது ராக்குக்கும் கிராமி வாங்கின. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. புதிதாக ஸ்டோன்ஸ் கேட்க வருகிறவருக்கு ‘ஹாக்னி’யைக் கொடுப்பேன், பாட்டு மனதில் ஒட்டும். எனக்கென்று ஒன்று எடு என்றால் யோசிக்காமல் ‘ப்ளூ அண்ட் லோன்சம்’.

ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ‘ஹாக்னி’யின் கடைசிப் பாட்டு, மடி வாட்டர்ஸின் 1950 பாட்டு. குழுவுக்குப் பெயர் வந்ததே அதிலிருந்துதான். ஜாகரும் கீத்தும் மட்டும்; ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன், ஒரு குரல். மூன்று நிமிஷம்கூட இல்லை. அது முடிந்ததும் நிறுத்தாமல் ‘ப்ளூ அண்ட் லோன்சம்’ ஆல்பத்தின் முதல் பாட்டைப் போடுங்கள். மவுத் ஆர்கன் விட்ட இடத்திலேயே தொடங்குவது போலிருக்கும், கூடவே சார்லியும் வந்து உட்காருவார்.