பழைய புத்தகமும் கடற்காற்றும்: திருவல்லிக்கேணியா, புதுச்சேரியா?

ஞாயிற்றுக்கிழமை பழைய பொருள் தேடி அலைந்துவிட்டு, மாலையில் கடலோரம் நடக்க வேண்டும் என்றால் என் மனதில் வருபவை இரண்டு இடங்கள்.

புத்தகம்தான் குறி என்றால் திருவல்லிக்கேணி பாரதி சாலை. பைகிராப்ட்ஸ் ரோடு என்றால்தான் பழையவர்களுக்குப் புரியும். அங்கே நடைபாதையில் குவிந்திருப்பவற்றில் நான் முதலில் தேடுவது பைண்டு செய்த தொடர்கதைகளை. வார இதழ்களிலிருந்து வாரா வாரம் கிழித்துச் சேர்த்து யாரோ தைத்து வைத்தவை. மணியம், கோபுலு ஓவியங்கள் அதே பக்கத்தில் இருக்கும். மறுபதிப்பு நூல்கள் பலவற்றில் அவை கிடைக்காது. வாங்குமுன் கடைசி அத்தியாயம் இருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள், நடுவில் பக்கம் விட்டுப்போயிருக்கிறதா என்றும். அப்புறம் பேரம். சாலை நேராக மெரினாவில் போய் முடிகிறது. ஆனால் மணலில் புத்தகப் பையோடு நடப்பது கஷ்டம், கூட்டமும் அதிகம்.

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் துணிமணி, செருப்பு, பாத்திரம்தான் பெரும்பாலும். பழைய புத்தகம் கிடைத்தால் அதிர்ஷ்டம். நடப்பதற்கோ புதுச்சேரிக்கு ஈடில்லை. மாலை 6 மணிக்கு மேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடமாட்டார்கள்; குழந்தையை, பாட்டியைக் கூட்டிக்கொண்டு காந்தி சிலைவரை நிம்மதியாகப் போகலாம்.

சென்னைக்காரர் என்றால் திருவல்லிக்கேணிக்கே போங்கள். வீட்டுப் பெரியவர்களும் வருகிறார்கள் என்றால் மட்டும் புதுச்சேரி.