ஸ்லாப் வந்தது, கொடுத்த காசு வரவில்லை

சேலம் பக்கம் நாணயம் சேர்ப்பவர்கள் கவனத்துக்கு. கிரேடு என்பது ஒரு நிறுவனம் காசு அசலா, எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்துப் போடும் மதிப்பெண். அதை எழுதிய லேபிளோடு காசை அடைத்து மூடும் பிளாஸ்டிக் டப்பாதான் ஸ்லாப்.

"அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு போட்டு வாங்கித் தர்றோமுங்க, ஆறே மாசம்" என்று கண்காட்சி மேசையில் உட்கார்ந்து ஆர்டர் பிடித்த ஒரு இடைத்தரகரிடம், செவ்வாய்ப்பேட்டைக்காரர் ஒருவர் ஆறு நாணயங்களைக் கொடுத்தார். நாணயத்துக்கு 4,000 வீதம் 24,000 ரூபாய், முழுவதும் முன்பணம். ஆறு மாதம் பதினொரு மாதமானது. திரும்பியவை ஐந்து. அந்த ஐந்திலும் வில்லங்கம். ஆள் பெயரை இங்கே போடவில்லை. கைவரிசையைத் தெரிந்துகொண்டால் போதும், அடுத்த மண்டபத்தில் வேறு பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

முதலில் 1938 ஆறாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய். கொடுத்தபோது புழக்கமே காணாத காசு, லஸ்டர் (அச்சடித்தபோது வந்த பளபளப்பு) முழுசாக இருந்தது. வந்தது ஏயு 55, அதாவது லேசாகத் தேய்ந்தது, என்று எழுதிய ஸ்லாப். ஸ்லாப் அசல், உள்ளே இருக்கும் ரூபாயும் அசல், ஸ்லாபின் எண்ணை கிரேடிங் நிறுவனத்தின் தளத்தில் போட்டால் அதே படம் வருகிறது. ஆனால் கொடுத்த காசு இதுவல்ல. கிரீட விளிம்பிலும் காதுக்கு மேல் முடியிலும் தேய்மானம் இருக்கிறது. கிரேடிங் நிறுவனம் தன் கைக்கு வந்ததைச் சரியாகத்தான் மதிப்பிட்டிருக்கிறது. அங்கே போவதற்கு முன்பே காசு மாறிவிட்டது. இதை நிரூபிக்க உரியவரிடம் இருந்தது கைபேசியில் மேலோட்டமாக எடுத்த ஒரே ஒரு படம், அதிலும் பாதி விரல்.

அடுத்தது 1945 ரூபாய், லாகூர் நாணயச்சாலையின் 'எல்' குறி உள்ளது. எண் கிரேடு கிடைக்கவில்லை. "டீடெயில்ஸ், கிளீன்ட்" என்று வந்தது, அதாவது காசு அசல், ஆனால் சுத்தம் செய்து கெடுத்தது. அனுப்பும் முன் இடைத்தரகர் அதை அமிலத்தில் முக்கி எடுத்திருக்கிறார். கேட்டதற்கு, "பளபளன்னு இருந்தா ஒரு கிரேடு ஏறுமுங்க" என்று பதில். கொலுசுக்கு மெருகேற்றும் ஊரில் இந்தப் பேச்சு எளிதில் எடுபடுகிறது. கொலுசுக்குச் சரி. நாணயத்தின் லஸ்டர் என்பது அச்சடிக்கும் அழுத்தத்தில் உலோகம் வெளிப்பக்கமாக ஓடியபோது பரப்பில் விழுந்த நுண்வரிகள். சாய்த்துத் திருப்பினால் ஒளி சக்கரமாகச் சுழல்வது அவற்றால்தான். அமிலம் முதலில் தின்பது அந்த வரிகளைத்தான். புளி, விபூதி, பற்பசை எல்லாம் அதற்கு மேல் கீறலும் போட்டுவிடும். பத்து மடங்கு லென்ஸில் ஒரே திசையில் ஓடும் மயிரிழைக் கோடுகள் தெரிந்தால், துடைத்த காசு என்று எந்த கிரேடரும் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். டீடெயில்ஸ் என்று வந்தாலும் கட்டணம் திரும்பாது.

1939 கால் அணாவும் டீடெயில்ஸ்தான். ஆனால் இதில் இடைத்தரகரைக் குற்றம் சொல்ல முடியாது. பல வருடம் ஏற்காட்டு வீட்டில், தடவினால் பிசுபிசுக்கும் மெத்தென்ற பிளாஸ்டிக் ஆல்பத்தில் இருந்த காசு அது. அந்த வகைப் பிளாஸ்டிக் பிவிசி. மலை ஈரத்தில் அது கசிந்து செம்புப் பரப்பில் பச்சைப் பசையாகப் படியும். தொடக்கத்திலேயே கண்டால், கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன் ஊற்றி ஊறவிட்டு, தேய்க்காமல் எடுத்து உலர்த்தினால் பசை போய்விடும். நகப்பூச்சு நீக்கி அசிட்டோன் ஆகாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. பசை செம்பை அரித்த பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஏற்காட்டில் சேகரிப்பு வைத்திருப்பவர்கள் பிவிசி கலக்காத மைலார் (பாலியெஸ்டர்) உறைக்கு மாறி, டப்பாவுக்குள் சிலிகா ஜெல் போட்டு, மழைக்காலத்தில் அதை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

1947 நிக்கல் ரூபாய், புலி போட்டது. இது எம்எஸ் 67 என்று வந்தது! ஸ்லாபில் இருந்த நிறுவனப் பெயரை ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோலில் 60-இலிருந்து மேலே, அதாவது எம்எஸ் என்றால், புழக்கத் தேய்மானமே இருக்கக்கூடாது. இந்தக் காசில் ராஜா தலையில் வெறும் கண்ணுக்கே தேய்மானம் தெரிகிறது. வெற்று ஸ்லாப் டப்பாவும் லேபிள் பிரிண்டரும் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பெட்டி எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அதன் மதிப்பு உள்ளே கையெழுத்துப் போட்டவரின் மதிப்புதான். உலகம் முழுவதும் விற்கும்போது கேள்வி கேட்காமல் ஏற்கப்படுபவை முக்கியமாக இரண்டு: 1986-இல் தொடங்கிய பிசிஜிஎஸ், 1987-இல் தொடங்கிய என்ஜிசி. நோட்டுகளுக்கு பிஎம்ஜி.

1862 விக்டோரியா ரூபாய்தான் இதில் பெரிய பாடம். பெரிய நிறுவனத்தின் பெயரில் ஸ்லாப், எண்ணும் தளத்தில் இருக்கிறது, அங்கேயும் 1862 ரூபாய் என்றே வருகிறது. பாதிப் பேர் இதோடு திருப்தி ஆகிவிடுவார்கள். இந்த ரூபாய் 1862 என்ற ஒரே ஆண்டைத் தாங்கிக்கொண்டு பல ஆண்டுகள் அடிக்கப்பட்டது. பின்பக்கத்தில் போட்ட புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும்தான் வகைகளைப் பிரிக்கின்றன. தளத்தில் உள்ள படத்தின் புள்ளிகளும் கையில் உள்ள காசின் புள்ளிகளும் ஒத்துப்போகவில்லை. வேறொருவருடைய அசல் ஸ்லாபின் எண்ணைத் திருடி லேபிள் அடித்திருக்கிறார்கள். எண் இருக்கிறதா என்று பார்ப்பது சோதனையே இல்லை. படத்தோடு புள்ளி, கீறல், கறை ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். புதிய பிசிஜிஎஸ் ஸ்லாபுகளில் என்எஃப்சி சில்லு இருக்கும், கைபேசியை வைத்தாலே பதிவு திறக்கும். அதையும் பார்த்துவிட வேண்டும்.

ஆறாவது, 1808 கும்பினியார் (கிழக்கிந்தியக் கம்பெனி) எக்ஸ்எக்ஸ் காசு, அதாவது இருபது காசு. வரவே இல்லை. "கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு" என்றார்.

இங்கேதான் உரியவரும் யோசித்திருக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி, நூறு ஆண்டு நிறைந்த நாணயம் தொல்பொருள். மத்திய அரசோ அது அதிகாரம் அளித்த அமைப்போ தவிர வேறு யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மீறினால் சிறை வரை போகும். கிரேடு போட்டுத் திருப்பி வாங்கத்தான் அனுப்பினேன் என்று சொல்லித் தப்ப முடியாது. எனவே 1862 ரூபாயையும் 1808 காசையும் "அமெரிக்காவுக்கு அனுப்புகிறேன்" என்று வாங்கிக்கொண்டவர் ஒன்று சட்டத்தை மீறப் போகிறார், இல்லை அனுப்பவே போவதில்லை. இவர் இரண்டாவது ரகம் என்று அந்தப் போலி ஸ்லாபே சொல்கிறது. ஆர்க்காட்டு ரூபாய், பகோடா, பணம் என்ற பழைய நாணய வகைகள், விக்டோரியா, எட்வர்ட் காசுகள் எல்லாமே இந்த வரம்புக்குள் வருகின்றன. ஐந்தாம் ஜார்ஜ் காசுகளும் ஆண்டுக்கு ஆண்டு உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன.

இனி, காசைக் கையை விட்டு விடும் முன் செய்ய வேண்டியவை. இதில் சோம்பல் பட்டால் பிறகு எந்த அலுவலகத்திலும் வாயைத் திறக்க முடியாது.

படம்: முன்பக்கம், பின்பக்கம், ஓரம் மூன்றும் வேண்டும். கைபேசியை ஸ்டாண்டில் வைத்து, விளக்கை ஒருமுறை மேலிருந்தும் ஒருமுறை பக்கவாட்டில் சாய்த்தும் எடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் கீறலும் இடிபட்ட தடமும் எழுந்து தெரியும். ஒவ்வொரு காசிலும் மூன்று தனி அடையாளங்களைத் தேடிப் பிடித்து எழுதுங்கள்: "ராஜா கன்னத்தில் இரண்டு சின்னக் கீறல், 1938-இன் மூன்றுக்குக் கீழே கறை, பின்பக்கம் விளிம்பில் ஏழு மணித் திசையில் இடித்த தடம்" என்ற அளவுக்கு. ஓரத்தைப் படமெடுப்பதை எல்லோரும் மறக்கிறார்கள். பல ஸ்லாபுகளில் ஓரம் சரியாகத் தெரியாது. வார்ப்பில் செய்த போலியின் ஒட்டுக்கோடும், பழைய நகையிலிருந்து வளையத்தைக் கழற்றி ராவிய தடமும் அங்கேதான் இருக்கும். காசுமாலையில் இருந்து வந்த காசுகளுக்கு இது கட்டாயம். பற்றவைத்த தடம் இருந்தால் எண் கிரேடு கிடைக்காது, அனுப்புவதே வீண்.

எடை: பிரிட்டிஷ் இந்திய ரூபாயின் எடை 11.66 கிராம். 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும், வெள்ளிப் பட்டறை உள்ள தெருவில் இதற்குப் பஞ்சமில்லை. கூடவே தண்ணீர்ச் சோதனையும் செய்துவிடலாம். தராசில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்யமாக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக்க மூழ்கத் தொங்கவிடுங்கள். தராசு இப்போது காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. காசின் எடையை அதால் வகுத்தால் அடர்த்தி வரும். 1938 ரூபாய் 91.7 சதவீத வெள்ளி. அடர்த்தி சுமார் 10.3, தராசு 1.13 காட்ட வேண்டும். 1940 முதல் 1945 வரையிலானது ஐம்பது சதவீத வெள்ளி, 9.5, தராசு 1.23. ஜெர்மன் சில்வர் போலி என்றால் 1.35 பக்கம் ஓடிவிடும். காசு தேய்ந்து எடை குறைந்திருந்தாலும் அடர்த்தி மாறாது என்பதுதான் இதன் அழகு. காசில் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு தப்பும், நூலைச் சுண்டி உதிர்த்துவிடுங்கள். காய்ச்சி வடித்த நீரே நல்லது. எடுத்ததும் மெல்லிய துணியில் ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள்.

டச் (வெள்ளித் தரம்) பார்க்கக் கொடுக்கிறேன் என்று உரைகல்லில் மட்டும் உரசிவிடாதீர்கள். ஓரத்தில் ஒரே இழுப்பு, கிரேடு போச்சு.

ரசீது: "ஆறு பழைய காசு பெற்றுக்கொண்டேன்" என்பது ரசீதே அல்ல. ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி வேண்டும். ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எடை, நீங்கள் எழுதிய மூன்று அடையாளங்கள், ஒப்புக்கொண்ட மதிப்பு, கீழே வாங்கியவர் கையெழுத்து. "சுத்தம் செய்யக் கூடாது" என்று ஒரு வரி தனியாக எழுதச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்கள் தங்களிடம் அனுப்ப அங்கீகாரம் பெற்ற வியாபாரிகளின் பட்டியலைத் தங்கள் தளத்திலேயே வைத்திருக்கின்றன. பெயர் அதில் இல்லாதவரிடம் பேச்சை வளர்க்காதீர்கள். அனுப்பிய பிறகு நிறுவனம் தரும் சமர்ப்பிப்பு எண்ணையும் படிவத்தின் நகலையும் கேளுங்கள். உண்மையாகவே அனுப்பியவருக்கு அதைக் காட்டுவது ஒரு நிமிட வேலை. செவ்வாய்ப்பேட்டைக்காரருக்குப் பதினொரு மாதமும் கிடைத்தது "பிராசஸ்ல இருக்குங்க" என்ற வாட்ஸ்அப் செய்தி மட்டும்.

பார்சலில் "பட்டன்", "சாம்பிள்" என்று பொய் எழுதி அனுப்புகிறவர்களும் உண்டு. காணாமல் போனால் காப்பீடு செல்லாது. முறையான ஏற்றுமதிக் காகிதம் இல்லாமல் போன காசைத் திரும்பும்போது கஸ்டம்ஸ் புதிய இறக்குமதியாகத்தான் பார்க்கும்.

எல்லாக் காசுக்கும் கிரேடு தேவையா என்றால், இல்லை. தேய்ந்த ஜார்ஜ் ரூபாய்க்கு வெள்ளி விலையைச் சற்று ஒட்டியே விலை. கிரேடு செலவு அதைத் தின்றுவிடும். அரசு நாணயச்சாலைகள் பெட்டியோடு தரும் நினைவு நாணயத் தொகுப்பைப் பிரித்து அனுப்பினால், பெட்டிக்காகக் கிடைக்கும் விலையும் போகும். 1939 ரூபாய் போன்ற அரிதானவைக்குத்தான் உண்மையில் தேவை, அதுவும் கிரேடு எண்ணுக்காக அல்ல, அசல் என்ற சான்றுக்காக. 1938-இன் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிய போலிகள் சுற்றுகின்றன. ராமர் பட்டாபிஷேகம், அனுமன் படம் போட்டு "கிழக்கிந்தியக் கம்பெனி 1818" என்று எழுதிய செம்புக் காசுகளை யாரும் கிரேடுக்கு அனுப்ப வேண்டாம். கும்பினி அப்படிக் காசு அடிக்கவே இல்லை. "ரிசர்வ் வங்கி அனுமதிக் கட்டணம்" என்று பணம் கேட்பவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்திருக்கிறது; பழைய காசு வாங்க விற்க அது கமிஷன் எதுவும் வாங்குவதில்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. காசை மாற்றியது, திருப்பித் தராதது இரண்டும் காவல்துறைப் புகாருக்கும் உரியவை. பாரதிய நியாய சன்ஹிதாவில் 316 நம்பிக்கை மோசடி, 318 ஏமாற்று. பணம் யுபிஐயில் எந்தக் கணக்குக்குப் போனது என்ற விவரத்தை வங்கியிலிருந்து எடுத்து இணையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் ஏற்றுமதி செய்து வையுங்கள். சந்தேகப்படும் ஸ்லாபை ஆத்திரத்தில் உடைத்துக் காசை வெளியே எடுத்துவிடாதீர்கள். லேபிளும் டப்பாவும் சேர்ந்திருந்தால்தான் அது சான்று.