முகவீணையைக் கீபோர்டில் ஏற்ற பாலிஃபோன் போதுமா?

கூத்தில் ஊதும் சிறு நாயனமான முகவீணையின் டோனை ஷோரூம் கீபோர்டுகளில் தேடிச் சலித்துப்போய், கடைசியில் ஷெனாயை வைத்துச் சமாளிப்பதுதான் வேலூர், ஆற்காடு பக்கத்து மேடைகளில் வழக்கம். கூத்தைக் கேட்டு வளர்ந்த காது அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். முகவீணையையோ ஹார்மோனியத்தையோ பம்பை மேளத்தையோ நாமே சாம்பிள் எடுத்து (ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவு செய்து), எஸ்எஃப்2 என்னும் ஒலித்தொகுப்புக் கோப்பாக்கி வாசிக்க வேண்டுமென்றால் பாலிஃபோன் நல்ல மென்பொருள். காசில்லை, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

இடப்பக்கத்தில் சாம்பிள் (பதிவு), இன்ஸ்ட்ருமென்ட் (கீகளில் அடுக்கிய பதிவுகள்), ப்ரீசெட் (வாசிக்கத் தேர்ந்தெடுக்கும் டோன்) என்று மூன்று அடுக்கு. வேவ் கோப்புகளை உள்ளே இழுத்துப் போட்டதும் ஒவ்வொன்றுக்கும் ரூட் கீ, அதாவது அந்தப் பதிவு தன் சொந்தச் சுருதியில் ஒலிக்கும் கீ எது என்று சொல்ல வேண்டும். சாம்பிளைத் திறந்தால் அதன் சுருதியை அளந்து, எந்தக் கீ, எத்தனை சென்ட் (அரைஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) விலகல் என்று காட்டுகிறது. ஹார்மோனியத்துக்கு இந்த அளவை நம்பலாம். முகவீணையில் மேல் ஓசைகள் தூக்கலாக இருப்பதால் சில சமயம் ஒரு ஸ்தாயி தள்ளிச் சொல்லும், தம்புராவோடு ஒப்பிட்டுவிடுங்கள். இன்னொரு பொறி, நடு சி. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி முறையில் அதன் எண் 60. யமஹா அதை சி3 என்கிறது, ரோலண்ட் சி4 என்கிறது. பெயரை விட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டால் ஸ்தாயிக் குழப்பம் வராது.

ரூட் கீ சரியாக இருந்தால், ஒவ்வொரு சாம்பிளும் எந்தக் கீ முதல் எந்தக் கீ வரை ஒலிக்கும் என்ற எல்லைகளைத் தானே பிரித்துத் தரும் கருவி இருக்கிறது. கீழ்க்கோடி, மேல்கோடி எல்லைகளை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள். முகவீணைக்கு இரண்டு அரைஸ்வரத்துக்கு ஒரு சாம்பிள் வேண்டும்: தன் கீ, அதற்கு அடுத்த கீழ்க் கீ, அவ்வளவுதான். ஒன்றரை ஸ்தாயிக்கு 10 சாம்பிள். ஏன் இத்தனை? மூன்று அரைஸ்வரம் மேலே இழுத்தாலே ஒலி 1.19 மடங்கு வேகமாக ஓடும். கமகத்தில் நொடிக்கு 5 அசைவு இருந்த இடத்தில் 6 ஆகிவிடும். ஆகவே கமகம் இல்லாமல், நேராக, ஒவ்வொரு ஸ்வரத்தையும் 4 நொடி பதிவு செய்யுங்கள். கமகத்தைப் பிட்ச் பெண்டில் பார்த்துக்கொள்ளலாம். வாயில் வைத்து ஊதும் சீவாளி காய்ந்தாலும் ஊறினாலும் சுருதி நகரும் என்பதால் பத்தையும் ஒரே அமர்வில் முடிப்பது நல்லது. மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். வேலூர் வெயிலில் இது தண்டனைதான், விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள். விசிறி இரைச்சல் லூப்பில் (கீயை அழுத்தியிருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும் பகுதியில்) சிக்கினால் கீ மாற மாற அதுவும் சுருதி மாறிக் கேட்கும்.

பலரும் தடுக்கி விழுவது லூப்பில். நொடிக்கு 44,100 புள்ளி எடுக்கும் பதிவில் 700 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் ஓர் அலை 63 புள்ளி. ஒரே அலையை லூப் செய்து ஒரு புள்ளி தவறினால் சுருதி சுமார் 27 சென்ட் பிசகும், காது கூசும். 50 அலைக்கு லூப் போட்டால் அதே தவறு அரை சென்ட்தான். இரட்டை ரீட் ஹார்மோனியத்தில் இரண்டு ரீடுக்கும் 2 ஹெர்ட்ஸ் வித்தியாசம் இருந்தால் ஒலி அரை நொடிக்கு ஒருமுறை எழுந்து விழும். லூப்பும் அரை நொடி, ஒரு நொடி என்று அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். இல்லையென்றால் திரும்பும் இடத்தில் குதிக்கும். தானியங்கி லூப் கருவி முகவீணைக்கு ஓரளவு போதும், ஹார்மோனியத்துக்குக் கையால் செய்வதே மேல்.

ரிலீஸை, அதாவது விரலை எடுத்த பின் ஒலி அடங்கும் நேரத்தை, அப்படியே விட்டால் 1 மில்லிநொடி. கீயிலிருந்து விரலை எடுத்ததும் 'டிக்' என்று கேட்கும். முகவீணைக்கு 0.05, ஹார்மோனியத்துக்கு 0.15 நொடி வையுங்கள். மெதுவாகத் தொட்டால் ஹார்மோனியச் சத்தம் குறைவது அடுத்த தொல்லை. எஸ்எஃப்2 வடிவத்தில் வெலாசிட்டி (கீயை அழுத்தும் வேகம்) வால்யூமோடு இயல்பாகவே பிணைந்திருக்கிறது. அதை அறுக்க, இத்தகைய இணைப்புகளை வைக்கும் மாடுலேட்டர் பகுதியில் அதே இணைப்பை மறுபடி சேர்த்து அளவைப் பூஜ்யமாக்க வேண்டும். செய்ய முடியும், ஆனால் புதியவர் தானாகக் கண்டுபிடிக்கும் இடத்தில் அது இல்லை.

பம்பைக்கு வந்தால் மதிப்பெண் குறைகிறது. ஒரே அடி பல கீயில் சுருதி மாறாமல் ஒலிக்க ஸ்கேல் டியூனிங்கைப் பூஜ்யமாக்கலாம், லூப்பை நிறுத்தலாம், அதெல்லாம் சுலபம். ஆனால் ஒரே அடியின் மூன்று நான்கு பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிடும் வசதி எஸ்எஃப்2 வடிவத்திலேயே கிடையாது. வேகமான உருட்டில் தையல் மிஷின் போலத்தான் கேட்கும். வெலாசிட்டியை 0–60, 61–95, 96–127 என்று பிரித்து, பக்கத்துக் கீயில் மாற்று அடியும் வைத்தால் ஓரளவு தப்பலாம். பம்பைதான் முக்கியமென்றால் பதிவுகளை மாற்றி மாற்றிச் சுழற்றத் தெரிந்த எஸ்எஃப்இசட் என்ற எழுத்துக் கோப்பு வடிவத்துக்குப் போய்விடுங்கள். பாலிஃபோனே அதற்கு மாற்றித் தரும், ஆனால் சுழற்சி வரிகளை நீங்களே எழுத வேண்டும்.

பாலிஃபோன் பட்டறைதான், மேடைக் கருவி அல்ல. திரையில் உள்ள கீபோர்டும் மிடி இணைப்பும் சோதித்துப் பார்ப்பதற்கு. கச்சேரிக்கு ஃப்ளூயிட்சிந்த் போன்ற வேறொரு பிளேயர் வேண்டும். 16 பிட் மோனோவில் பத்து சாம்பிளும் சேர்ந்து 3.5 எம்பிதான், சாதாரண போனே தாங்கும். கையிலிருக்கும் அரேஞ்சர் கீபோர்டில் ஏற்றும் திட்டமிருந்தால், அது எஸ்எஃப்2 வாங்குமா, வேவ் மட்டும்தானா என்று கையேட்டைப் பார்த்த பிறகு பதிவைத் தொடங்குங்கள். வேவ் மட்டும் என்றால் ரூட் கீ, எல்லை எல்லாவற்றையும் அந்தக் கீபோர்டிலேயே மறுபடி போட வேண்டியிருக்கும்.